தீர்த்தம் தங்காத பைனாகுலர்

மயிலிட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிசிலியா அக்காவுக்குப் பக்தி கொஞ்சம் கூட. வலையோ, எஞ்சினோ, ரைஸ் குக்கரோ, புதிதாய் எது வந்தாலும் கோயிலில் பாதரைக் கொண்டு தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் பாவிக்க விடுவார்.

"விட்டால் என்னையும் திருப்பி ஒருக்கா மந்திரிப்பாய்" என்று அவர் கணவர் அடைக்கலநாதன் அண்ணை பகிடி பண்ணுவார்.

மீன்பிடிக்கப் போகும் அண்ணைக்குத் தூரப்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கடலுக்குள் பாறையாய்க் கிடக்கும் முருகைக்கற்களுக்கு நடுவே கரைக்கு வரும் வழி ஒடுக்கமானது. அதைக் காட்டும் கம்பங்களைத் தூரத்திலேயே கண்டால்தான் போட்டைத் திருப்பலாம். நோர்வேயில் இருக்கும் மகன் ஜெனிஸ்ரன் கேள்விப்பட்டு விலையுயர்ந்த பைனாகுலர் ஒன்றை அனுப்பினான். மந்திரிக்க முன்பே மனிசன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தார்.

கோயிலில் பாதர் தெளித்த தீர்த்தம் அந்தக் கண்ணாடியில் நிற்கவில்லை. ஒரு துளி கூட ஒட்டாமல் உருண்டு விழுந்தது. அக்காவின் முகம் கறுத்துப்போனது. பாதரிடம் கேட்கவும் பயம். வீட்டுக்கு வந்து போத்தல் தீர்த்தத்தை ஊற்றிப் பார்த்தார். அதுவும் உருண்டது.

"இஞ்சேருங்கோ, தீர்த்தத்தைத் தள்ளுற சாமான் கடலுக்குப் போகக்கூடாது. கொண்டு போனால் நான் சோறு தண்ணி தொடமாட்டன்."

அண்ணை அடங்கிப்போனார். மகன் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், "ஓம் மோனை, அப்பா கொண்டுதான் போறவர்" என்று அக்கா சமாளித்தார்.

கார்த்திகையில் ஒரு முற்பகல் பெய்த மழை கரையையே மறைத்துவிட்டது. கம்பங்களைக் காணாமல் அண்ணையின் போட் கல்லில் மோதிக் கவிழ்ந்தது. அடுத்த நாள் அவர் உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

"தீர்த்தம் அண்டைக்கே காட்டினது. விதி" என்று சொல்லிச் சொல்லி அக்கா அழுதார். வந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த ஒரு பிடிதான் அவரை இருத்தி வைத்திருந்தது.

செத்த வீட்டுக்கு வந்த ஜெனிஸ்ரன் அலுமாரியில் பைனாகுலரைக் கண்டான்.

"அப்பா ஏன் இதைக் கொண்டு போகேல்லை?"

அக்கா நடந்ததைச் சொன்னார்.

"அம்மா, தண்ணி, உப்பு, ஊத்தை ஒண்டும் ஒட்டாமல் இருக்க அந்தக் கண்ணாடிக்கு ஒரு பூச்சுப் பூசிக் கிடக்கு. மழைக்குள்ளையும் அப்பா கரையைக் காணவேணுமெண்டுதானே தேடி வாங்கினனான்."

அக்காவின் அழுகை நின்றது. விதி என்று சொல்ல இனி வழியில்லை. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"ஒவ்வொரு நாளும் கதைச்சனாங்கள்தானே. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா?"

"நீ ஆசையா அனுப்பினனி. சொன்னால் உனக்கு மனம் நோகுமெண்டு நினைச்சன், மோனை."