சிவப்புப் பெயிண்டும் செம்புக் கணக்கும்

உலோகம் அளக்கும் மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் எங்கள் ஆய்வகத் தலைவரான மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கடலூரில் எடுத்த பைட்டோ சாம்பிளில் செம்பு, அளப்பதற்காக நாங்கள் போட்டுவைத்த கர்வின் உச்சியையே தாண்டியிருந்தது. பைட்டோ என்றால் கடல்நீரில் மிதக்கும் நுண்பாசி. மீன் கூட்டத்துக்கெல்லாம் சாப்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிதம்பரம் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இத்தனை வருடம் இருந்தும் இப்படியொரு எண்ணை நான் பார்த்ததில்லை. கை காலெல்லாம் பரபரத்தது.

“வெள்ளிக்கிழமை மஞ்சக்குப்பத்துல நடக்குற மீனவர் மீட்டிங்ல சொல்லிடலாம்ப்பா” என்றார் மேடம்.

எங்களைக் கடலுக்கு அழைத்துப்போன விசைப்படகு என் நண்பன் கலியமூர்த்தியுடையது. அவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“என்னா மச்சான் இது? தடைக்காலம் முடிஞ்சு இப்பதான் தொழிலுக்குப் போறோம். செம்பு கிம்புன்னா எங்க மீன எவன் வாங்குவான்? படகக் கரை மேல ஏத்தி, அடியெல்லாம் செவப்புப் பெயிண்ட் அடிச்சு, எவ்ளோ செலவு தெரியுமா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயிண்ட் அது. அதில் செம்பு உண்டு. நாங்கள் பாசி அள்ளும் வலையை விட்டதோ படகை ஒட்டியே.

மேடத்திடம் ஓடினேன். முகம் வாடினாலும், “மீட்டிங்குக்கு முன்னாடி மறுபடி எடுத்துடு” என்றார்.

மறுநாள் காலை ஒரு ஃபைபர் படகில் போனேன். மணலில் இழுத்து வைக்கும் படகுக்கு அந்தப் பெயிண்ட் தேவையில்லை. அதே இடம். இன்ஜினை அணைத்துவிட்டு, நீரோட்டம் வரும் பக்கமாக வலை விட்டேன். கூடவே வந்த கலியமூர்த்தியின் படகோரத்திலும் ஒரு சாம்பிள் எடுத்தேன்.

“பாட்டில மாத்திடாத மச்சான். எங்க பொழப்பே அதுலதான் கெடக்கு” என்றான்.

ஆய்வகத்தில் முதலில் சாம்பிளைக் கரைக்கும் ஆசிட்டை மட்டும் மெஷினில் ஓட்டிப் பார்த்தோம், அதில் செம்பு இல்லை. விசைப்படகு சாம்பிள் பழையபடி கர்வைத் தாண்டியது. ஃபைபர் படகு சாம்பிளை விட்டேன். எண் வழக்கமான இடத்திலேயே அமைதியாக நின்றது.

“ஜாஸ்தியா வந்தா குதிப்பாங்க. நீ கம்மியா வந்ததுக்குக் குதிக்கிற” என்று மேடமும் சிரித்துவிட்டார்.

போனில் கலியமூர்த்தி கேட்டான்: “அப்ப கடல்ல ஒண்ணுமில்லயா?”

“கடல்ல இல்ல மச்சான், ஒன் படகுலதான்.”

இன்றும் ஜூனியர் பிள்ளைகள் பெரிய எண்ணோடு ஓடிவந்தால் எனக்கு அதே பரபரப்புதான். ஆனால் எண்ணைப் பார்க்குமுன் ஒன்று கேட்டுவிடுவேன்: “எந்தப் படகுல போனீங்க?”