கண்ணாடி இங்கே, மெஷின் அங்கே

தீர்த்தம்மாள் அக்காவுக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், நுரையும் வேண்டாம். "சூடு இருந்தாப் போதும் பாய்" என்பார். நல்லம்பள்ளியில் நிலத்தடித் தண்ணீரை ஆராய்கிற ஆபீசில் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஆபீசுக்கு எதிரே என் டீக்கடை. காலையில் முதல் கிளாஸ் அவருக்குத்தான் போகும். குடித்துவிட்டுக் கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். எதுக்கு அக்கா என்றால், "வூட்ல கழுவறதுக்கு என்ன இருக்குது? ஒரு தட்டு, ஒரு சொம்பு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிற எனக்குச் சிரிப்பு வராது.

புருஷன் மவுத்தாகிப் பல வருஷம். ஒரே மகன் தர்மன், பெங்களூரில் லேத்துப் பட்டறையில் இருந்தான். கடுதாசி போடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. நினைத்தால் பஸ் ஏறுவான். நேராக வந்து கதவைத் தட்டுவான், சாப்பிடுவான், தூங்குவான், விடிந்ததும் போய்விடுவான். அப்படி வந்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா குடியிருந்தது பச்சியப்பன் வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில். அதைக் காலி செய்துவிட்டு, சித்தேரி மலையில் இருக்கிற அண்ணன் வீட்டோடு போய்விடலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. தீபாவளி கழிந்ததும் சாவியைத் தருகிறேன் என்று பச்சியப்பனிடம் சொல்லியும் விட்டார்.

அது எண்பத்தொன்பதாம் வருஷம். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ரோட்டோரக் கட்டடத்தில் ஏசி போட்டு, பீரோ மாதிரி ஒரு மெஷினை வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெஷினுக்குப் படம் காட்டுகிற கண்ணாடி அங்கே இல்லை. அது பின்னால், முற்றம் தாண்டி, கம்ப்யூட்டர் ஓட்டுகிற சுல்தானா உட்காருகிற சின்ன அறையில். இரண்டுக்கும் நடுவே மண்ணுக்கடியில் குழாய் போட்டு ஒரு கறுப்பு ஒயர். எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எதில் வற்றிவிட்டது என்று அந்தக் கண்ணாடியில் படமாக வரும். தண்ணீர் இருந்தால் நீலம், வற்றியிருந்தால் சிவப்பு. நம் பக்கமெல்லாம் சிவப்பாகத்தான் இருந்தது.

சுல்தானா தர்மபுரிப் பெண், நல்ல பிள்ளை. மதியம் லுஹர் தொழுகைக்கு என் வீட்டுக்கு வந்து, என் வீட்டம்மாவோடு தொழுதுவிட்டுப் போவாள்.

ஆபீசைப் பார்க்க யாராவது வந்தால் இன்ஜினியர் சொல்வார்: "மூளையெல்லாம் முன்னாடி கட்டடத்துல. இது சும்மா கண்ணாடி." பெருக்கிக்கொண்டே அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் கிளாசைக் கழுவும்போது என்னிடம் சொன்னார்: "என் பொழப்பும் அதாட்டம்தான் பாய். எல்லாம் அங்க பெங்களூர்ல நடக்குது. நான் இங்க சும்மா கண்ணாடி."

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஆபீசில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை அக்காவுடையது. பெரிய மெஷினைத் தொடவே பயம், கதவு நிலையில் மட்டும் பொட்டு வைத்துவிட்டு வந்துவிட்டார். பின்னறைக்கு வந்தால் சுல்தானா இல்லை, தொழப் போயிருக்கிறாள். கண்ணாடியில் படம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஷாக் அடித்துவிட்டால்? சும்மா கண்ணாடிதானே என்று சுவர் சுவிட்சை அணைத்தார். சுத்தமாகத் துடைத்தார், மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். திரும்பவும் சுவிட்சைப் போட்டார்.

நானும் சுல்தானாவும் உள்ளே போனபோது அக்கா கும்பிட்டுக்கொண்டு நின்றார். என் கையில் டீத் தூக்கு. சுல்தானா கண்ணாடியைப் பார்த்தாள். பொட்டு இருந்தது, படம் இல்லை.

"ஆயாம்மா, இதை அணைச்சீங்களா?"

"துடைக்கறதுக்குத்தான் பாப்பா. பெரிய மெஷின்கிட்ட நான் போவவேயில்ல."

சுல்தானா நாற்காலியில் உட்கார்ந்தாள். "காலையில இருந்து ஓடின படம். போச்சு."

"எப்படிப் போவும்? மூளை அங்கதான இருக்குது?"

"மூளை அங்கதான். ஆனா படம் போடறது அது இல்ல. இங்க ஒரு கோடு போடு, இங்க செவப்பு வைன்னு அது கேக்கும். போட்டுக் குடுக்கறது இது. நான் இங்க எந்த எழுத்துக் கட்டையைத் தட்டினாலும் அதுக்குப் போய்ச் சொல்றதும் இதுதான். கேக்கறதுக்குப் பேரு கிளையண்ட், குடுக்கறதுக்குப் பேரு சர்வர். பெருசா இருக்கறதுதான் சர்வர்னு எல்லாரும் நினைக்கறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இதுல கண்ணாடிதான் சர்வர்."

"டீக்கடையில நான் மாதிரியா?" என்றேன்.

"ஆமா மாமா. நீங்க கடையைச் சாத்திட்டா வந்தவங்க என்ன பண்ணுவாங்க?"

"திட்டிட்டுப் போவாங்க."

சுல்தானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "அது கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு இருக்காதா பாப்பா?" என்று கேட்டார்.

"இருக்காதுங்க ஆயாம்மா. வாங்கிக்க இங்க ஆள் இல்லேன்னு தெரிஞ்சதும் அங்க ஓடறதும் நின்னுடும். திரும்பச் சுவிட்சைப் போட்டா கண்ணாடிதான் வரும், அந்தப் படம் வராது. நான்தான் முதல்ல இருந்து ஓட்டணும்."

"உனக்குத் திட்டு விழுமா?"

"லீவு முடிஞ்சு வந்து ஓட்டிக்கறேன். பொட்டு அழகா இருக்குது, விடுங்க."

அக்கா துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நான் கடைக்கு வந்தபோது பச்சியப்பன் பெஞ்சில் இருந்தார். அக்கா வந்து எதிரே நின்றார்.

"என்னம்மா, சாவியா? இப்பவேவா?"

"இல்லீங்க. நான் காலி பண்ணல."

"அதெப்படி? அந்த ரூமை ரேஷன் கடைக்காரருக்கு விடறேன்னு சொல்லிட்டேனே. மலைக்குப் போறேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். தர்மன் வந்து தட்டினா, வேற ஆளு தொறப்பாங்க."

"வர்றவன் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லமாட்டானா? வூட்டுல இல்லேன்னா விசாரிச்சு மலைக்கு வரமாட்டானா?"

"அவனுக்கு அது வராதுங்க. தட்டிப் பாப்பான். அப்படியே திரும்பிருவான். அப்புறம் வரவே மாட்டான்."

பச்சியப்பன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நான் மனசுக்குள் துஆ செய்தேன். வேறென்ன செய்ய?

"ஒத்தைத் தட்டுக்கு ஒரு வூடு" என்றார் அவர் கடைசியில். "சரி, இருங்க. ரேஷன் கடைக்காரன்கிட்ட நான் வாங்கிக் கட்டிக்கறேன்."

"இன்னொரு தட்டு வாங்கிக்கறேன்" என்றார் அக்கா.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் காரிமங்கலம் சந்தைக்குப் போய், விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி வந்தார். என் கடையில் பிரித்துக் காட்டிவிட்டு, திரும்பவும் பேப்பரில் சுற்றி எடுத்துப்போனார்.

தீபாவளி வந்தது. தர்மன் வரவில்லை. பஸ் சத்தம் கேட்டால் பெருக்குமாறு நின்றுவிடும், பஸ் போனதும் மறுபடி ஓடும். பொங்கலும் வந்துவிட்டுப் போனது. வருகிறவனை வரவைப்பது அல்லாஹ்வின் கையில். அக்காவின் கதவு மட்டும் பொழுது சாய்ந்தும் ஒருக்களித்தே இருக்கும், உள்ளே விளக்கு எரியும். மஃரிபு முடிந்து அந்த வழியாக வரும்போது பார்ப்பேன்.

ஒரு நாள் காலையில் டீயைக் குடித்துவிட்டு, கிளாசைக் கழுவாமல் அப்படியே வைத்தார்.

"நீங்களே கழுவிக்கங்க பாய். வூட்ல ரெண்டு தட்டு கிடக்குது, கழுவிட்டு வேலைக்கு வரணும்."

யார் வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது, கேட்கத் தேவைப்படவில்லை. கிளாசை எடுத்துக் கழுவி வைத்தேன்.