தலைகீழாக எழுதப்பட்ட பதில்

கொல்லம் ஆண்டு 1113, இடவ மாதம் 9. என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வயிற்றில் வலி, காய்ச்சல் இல்லை.

இடவம் 11. டாக்டர் பரிசோதித்து, உள்ளே கட்டி என்றார். அறுவைக்குச் சம்மதம் கேட்டார். கொடுத்தேன்.

இடவம் 12. அறுவை நடந்தது. நினைவு திரும்பவில்லை.

இடவம் 13. விடியுமுன் இறந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது.

மேலே எழுதியதில் பிழை எதுவும் இல்லை. கொடுத்த சம்மதம் யாருடையது என்பது மட்டும் அதில் இல்லை.

கல்லூரியில் ஐரோப்பிய சரித்திரம் கற்பிப்பவன் நான். என் வாசிப்பறையில் ஒரு வர்ண அச்சுப்படம் தொங்குகிறது. சீமையிலிருந்து வரவழைத்து, சாலைக் கடைத்தெருவில் சட்டம் போட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஃபிளாண்டர்ஸ் தேசத்தில் வரையப்பட்ட ஓவியத்தின் பிரதி. இயேசுவுக்குத் தாயாகப் போகும் கன்னியிடம் தேவதூதன் வந்து செய்தி சொல்லும் காட்சி. கீழே மலர்ந்திருக்கும் லில்லி அவளுடைய தூய்மைக்கு அடையாளம். சன்னலின் வழியே உள்ளே வரும் ஒளிக்கதிர் கண்ணாடியை உடைக்காமல் கடப்பதுபோல் அவள் கன்னிமை கெடாமல் கரு தங்கும் என்பது அக்காலத்து விளக்கம். எண்ணெயில் குழைத்த நிறத்தை ஓவியர் மெல்லிய ஏடுகளாக, ஒன்று உலர்ந்த பின் ஒன்றாகப் பூசியிருக்கிறார். ஆகவே அவளுடைய நீல அங்கி உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுகிறது. இதையெல்லாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி பூஜையறைப் படங்களுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, இந்தப் படத்துக்கும் வந்து வைப்பாள். தூதனுக்கு வைக்கமாட்டாள். அந்தப் பெண்ணின் நெற்றி இருக்கும் இடத்தில், கண்ணாடிமேல், ஒரு பொட்டு.

"இது பூஜைக்கு வைத்த படம் இல்லை" என்று ஒரு தடவை சொன்னேன்.

"பிள்ளைத்தாச்சியாகப் போறவளை வெறும் நெத்தியோடயா நிறுத்தி வைக்கறது?" என்றாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை நான் மேலே வளர்க்கவில்லை.

தூதன் வாயிலிருந்து பொன்னெழுத்தில் ஒரு வரி புறப்படுகிறது. கன்னியின் வாயிலிருந்து பதில் வரி. லத்தீன் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் குங்குமச் சிமிழோடு நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்னா, இவ சொல்றது மட்டும் தலைகீழா இருக்கே. அச்சுப் போட்டவன் தூங்கிட்டானா?"

"ஓவியர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார். அவள் பதில் கடவுளுக்கு. அவர் மேலிருந்து வாசிக்க வேண்டும்."

"அப்போ எதிர்ல நிக்கறவனுக்கு வாசிக்க வராது?"

"வராது."

"நம்மாத்து வழக்கந்தான். நான் சொல்றதெல்லாம் பகவானுக்கு மட்டுந்தானே கேக்கறது!" சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

வகுப்பில் நான் அழுத்திச் சொல்லும் இடம் வேறு. ஓவியர் தேர்ந்தெடுத்தது, செய்தி வந்தபின் பதிலுக்காக எல்லாம் காத்து நிற்கும் கணம். தேவலோகமே ஆனாலும் அவளைக் கேட்டாக வேண்டும். அவள் இசையாமல் எதுவும் தொடங்காது. இந்த வாக்கியங்களை நான் பெருமையோடு சொல்வதுண்டு.

பதினொன்றாம் தேதி டாக்டர் கட்டில் அருகே நின்று என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். அறுவை செய்தால் பிழைப்பது பாதிக்குப் பாதி. செய்யாவிட்டால் சில மாதங்கள் நிச்சயம் உண்டு, வலியோடு. நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவசியமில்லை, செய்யுங்கள் என்றேன். எங்கள் குடும்பங்களில் வியாதியின் பெயரைப் பெண்களிடம் சொல்வதில்லை. டாக்டர் வந்தால் ஆண்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். அதைத் தயை என்று எண்ணியிருந்தோம்.

அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நகர்ந்ததும், "ரெண்டு பேருமா எந்த ராஜ்யத்தைப் பாகம் பிரிச்சேள்?" என்றாள்.

"சின்னக் கட்டி. எடுத்துவிடலாம் என்கிறார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"சரி என்றேன்."

"ஓ" என்றாள். பிறகு, "அம்பாசமுத்திரத்துலேந்து தங்கை வந்து பாத்துட்டுப் போனப்புறம் வெச்சுக்கப்படாதோ?" என்றாள்.

"இதற்குப் போய் அவளை அலைக்கழிப்பானேன்?"

மல்லாந்து படுத்திருந்தவள் கூரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். ஓட்டின்மேல் மழை பலமாக இருந்தது. என் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லும்படி நான் கேட்டிருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் புறப்பட்டேன். அன்று வகுப்பு இருந்தது.

சில மாதங்கள் போதும் என்று அவள் சொல்லியிருப்பாளா, பாதிக்குப் பாதியே மேல் என்றிருப்பாளா, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் உடன் வாழ்ந்தும் ஊகிக்க முடியவில்லை. அவளுடைய கடைசிச் சொல் இன்னதென்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

செய்யாமல் நிற்கும் காரியங்கள்:

அவள் தங்கைக்கு எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுவது.

டாக்டர் சொன்னதைத் தமிழில் என் மனைவியிடம் சொல்வது.

இந்த ஓவியத்தைப் பற்றிய வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பது.

படத்தின் கண்ணாடியைத் துடைப்பது. பொட்டு இன்னும் இருக்கிறது.