முத்துவடிவு எழுதிய பதினோரு வரிகள்

கடையம் ரோட்டில் செல்லச்சாமியின் தும்பு மில்லில் ஒன்பது வருஷமாகத் தேங்காய் மட்டையை நாராகக் கிழிக்கும் மிஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள் முத்துவடிவு. பிளஸ் டூ படித்தவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். தும்பு வாங்கும் கம்பெனி, மில்லில் எங்கெங்கே ஆபத்து என்று எழுதிவைத்த நோட்டைக் கேட்டபோது முதலாளி அவளைத்தான் கூப்பிட்டார்.

நாலு வரி போதும் என்றார். அவளோ இரண்டு நாள் மில்லைச் சுற்றிவந்து பதினோரு வரி எழுதினாள். மிஷின் வாய்க்குத் தடுப்பு இல்லை. நிறுத்துகிற சுவிட்ச் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. மட்டை சிக்கினால் ஓடும் மிஷினிலேயே கைவிட்டு எடுக்கிறோம். இதையெல்லாம் யாரோ ஒருவர் கேட்டார்களே என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

கம்பெனி ஆட்கள் வரும் நாளில் புதுத் தடுப்பு மாட்டியிருந்தார்கள். எல்லா வரிக்கும் எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று அவளையே எழுதச் சொன்னார் முதலாளி. மற்றதும் வரும் என்று நம்பி எழுதினாள். தடுப்பு இருந்தால் மட்டை மெதுவாகத்தான் இறங்கும். மறுநாளே அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழையில் மட்டையெல்லாம் ஊறிக் கிடந்த ஒரு காலையில், பக்கத்து மிஷினில் சிக்கிய மட்டையை எடுக்கப்போன சந்தனமாரியின் வலது கை உள்ளே போனது. முத்துவடிவு மூட்டைகள் மேல் ஏறி விழுந்து சுவிட்சை அணைப்பதற்குள் முழங்கை வரை சிதைந்துவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் முதலாளி அந்த நோட்டை நீட்டினார். தடுப்பைக் கழற்றியது சந்தனமாரிதான் என்றார். பொய் என்றாள் முத்துவடிவு. அதிகாரி பக்கத்தைத் திருப்பி, இது யார் எழுத்து என்று மட்டும் கேட்டார்.

தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நடந்ததைச் சொல், நான் சாட்சிக்கு வருகிறேன் என்று கெஞ்சினாள். சந்தனமாரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நாந்தான் கழத்துனேன்னு ரேகை வச்சிட்டேன்க்கா. வைத்தியச் செலவ அவியளே பாக்காவ. எம் மவளுக்கும் வேலை தாராவளாம்."

"எங்கன?"

"மில்லுலதான்." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒங்க எடத்துல."

தன் வேலை போனது முத்துவடிவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறாள். ஒருநாள் மனசு கேட்காமல் பஸ் ஸ்டாப்பில் சந்தனமாரியின் மகளுக்காகக் காத்து நின்றாள். மட்டை சிக்கினால் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள்.

"ஒங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு அம்மை சொல்லிருக்கா" என்றபடி அவள் மினி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.