எனக்குக் கிடைத்த கறுப்புத் துண்டு

என் தாய்மாமாவுக்கு எல்லாம் தெரியும். அதுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்த சனி. அவர் கன்டெய்னர் லாரி ஓட்டினார் என்பதைவிட, கன்டெய்னர் லாரியில் உட்கார்ந்திருந்தார் என்பதே சரி. துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் வண்டிகள் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் இருந்தபடியே மாமா செல்போன் வீடியோக்களில் டைனோசர், ஆழ்கடல், செவ்வாய் கிரகம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நான் ஐந்தாவது படித்த வருஷம் சூரியனுக்கு வந்து சேர்ந்தார்.

சூரியனில் அவ்வப்போது வெடிப்பு நடக்குமாம். அதைப் பார்ப்பதற்கென்றே விண்வெளியில் ஒரு கருவியை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். அதற்கு ராத்திரி கிடையாது, மேகம் கிடையாது. அது அனுப்பிய படத்தை, திருவொற்றியூர் வீட்டில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டுக்கு மேலேயே நீட்டினார். கறுப்பாக ஒரு உருண்டை, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வெடிப்பு.

"இது எக்ஸ்ரேல புடிச்சதுக்கா. சும்மா கண்ணால பாத்தா தெரியாது" என்றார்.

"ஏன், சூரியனுக்கு இன்னா, சளியா?" என்றாள் அம்மா.

அம்மாவின் கடுகடுப்புக்குக் காரணம் இருந்தது. அப்பா நிலக்கரி இறக்கும் வேலை பார்த்தார். இருமல் நிற்கவில்லை. போன வருஷம் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஏதோ திட்டுத் தெரிந்தது. அது அப்படியே இருக்கிறதா, பரவிவிட்டதா என்று புதுப் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும், பழையதை மறக்காமல் கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. அம்மா பீரோவுக்குப் பின்னாலிருந்து பழைய படத்தை எடுத்து, கண்ணில் படட்டும் என்று டிவி மேல் வைத்திருந்தாள். அது மாமாவின் கண்ணில் பட்டது.

எங்கள் தெருவில் கிரகணத்தை எக்ஸ்ரே படம் வழியாகத்தான் பார்ப்பார்கள். அது இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. மாமா இதையும் அதையும் முடிச்சுப் போட்டுவிட்டார். மேலே இருக்கிற கருவி எக்ஸ்ரேயில் பார்க்கிறது, நம்மிடமும் எக்ஸ்ரே இருக்கிறது, பிறகென்ன. சாயங்காலம் அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போன நேரத்தில், படத்தையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடி ஏறினார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். ஆளுக்கொரு துண்டாக நறுக்கிக் கொடுத்தார்.

மற்றவர்கள் துண்டுகளில் விலா எலும்பும் வெள்ளைத் திட்டும் இருந்தன. அந்த வெள்ளை வழியாகச் சூரியன் பீறிட்டு அடித்தது. "தோ வெடிக்குது, தோ வெடிக்குது" என்று பக்கத்து வீட்டுப் பையன் குதித்தான். மாமாவுக்குத் தானே ராக்கெட் விட்ட பெருமை. எனக்கு வந்தது மட்டும் முழுக் கறுப்பு. அதில் சூரியன் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி சும்மா கிடந்தது.

"மாமா, என்னுதுல ஒண்ணுமே வரல. வேற குடு."

"நல்லா பாரு, வரும். பேஜார் பண்ணாத."

சொந்த அக்கா மகளுக்கு இந்தத் துண்டு. எரிச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சூரிய வெடிப்பின் எக்ஸ்ரே கதிர்கள் காற்றைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை, அதனால்தான் கருவியை மேலே அனுப்புகிறார்கள் என்பதும், எக்ஸ்ரே படம் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவின் வீடியோ அந்த இடத்துக்கு வருவதற்குள் லாரி வரிசை நகர்ந்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு அம்மா இடுப்புக் குடத்தோடு மேலே வந்தாள்.

"டேய், அது உன் மச்சான் நெஞ்சுடா" என்றாள்.

"பழசு தானக்கா. நாளைக்குப் புதுசு எடுக்கப் போறீங்க இல்ல?"

"அந்தப் புதுச எதோட வச்சுப் பாக்குறது?"

எல்லாம் தெரிந்த மாமா கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அம்மா பிள்ளைகளிடமிருந்து துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு கீழே வீட்டுக்கு வந்து, தரையில் பரப்பி, செல்லோடேப் போட்டு ஒட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே ஒட்டினாள். அப்பா சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். "வுடு, பாவம், அவனுக்கு இன்னா தெரியும்" என்றார். கடைசியில் ஒரு துண்டு குறைந்தது. நான் கோபத்தில் மாடி மூலையில் வீசியிருந்ததை எடுத்துவந்து கொடுத்தேன்.

"இது வேஸ்ட்டுமா. இதுல ஒண்ணுமே தெரியல" என்றேன்.

மற்ற துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே ஒட்டியவள், இதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். என் கைரேகையை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் பிடித்தாள். திட்டுவது நின்றிருந்தது.

"இங்க பாருங்களேன். இந்த எடம் திட்டே இல்லாம சுத்தமா கீது" என்று அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா இருமலை அடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சூரியனே வெடிக்காத அந்தக் கறுப்புத் துண்டை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை வேஸ்ட் என்று சொன்ன நான், மாமாவுக்கு மட்டும்தான் அறிவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.