புன்னக்காயலில் அப்பா

மூன்று நாள் விடுமுறைக்கு அப்பா கோவையிலிருந்து என் வீட்டுக்கு வந்திருக்கிறார். கல்யாணமாகி நான் வண்ணார்பேட்டைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் வருவது இதுதான் முதல் தடவை. அவருக்குப் பிடிக்காத கல்யாணம் அது. அம்மா போன தை மாதம் இறந்துபோனாள்.

இன்று தாமிரபரணி கடலில் சேரும் இடத்தைக் காட்டலாமென்று அவரைப் புன்னக்காயலுக்குக் கூட்டிவந்திருக்கிறேன். கரையில் பழைய வலையை விரித்து ஓர் அம்மாள் நெத்திலி காயப்போடுகிறார். வெயிலில் நிற்கும் அப்பாவைப் பார்த்ததும் படகு நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடுகிறார்.

"மொவ வீட்டுக்கு வந்தியளா அண்ணாச்சி? அக்காவையும் கூட்டியாந்திருக்கலாம்லா."

நான் பேச்சை மாற்றப் பார்க்கிறேன். அப்பா முந்திக்கொள்கிறார்.

"அவ வரோணும்னு கேட்டுட்டேதாம்மா இருந்தா. நாந்தான் உடல. இப்ப அவ இல்ல."

அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் நிற்கிறார். பிறகு பைய மீனிடம் போகிறார்.

அப்பா தண்ணீரைப் பார்த்தபடி என்னிடம் கேட்கிறார்.

"அம்மா உங்கூடப் போன்ல பேசுவாதான?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"தெனமும் நாலு மணிக்குப் பேசுவாங்கப்பா."

"தெரியும் கண்ணு. அதுக்குத்தான் நாலு மணியானா நான் கடைவீதிக்குப் போயிருவேன். மழை பேஞ்சாலும் போயிருவேன்."

"அம்மாவுக்கு அது தெரியுமாப்பா?"

இல்லையென்று தலையாட்டுகிறார்.

பதினோரு வருடமும், அப்பா திரும்பி வந்துவிடுவாரோ என்று அம்மா குரலைத் தாழ்த்தித்தான் என்னிடம் பேசினாள்.