கற்றுக்கொண்டவளின் வகுப்பு

லோகநாயகி கடலூர் முதுநகர் மீனவக் குடும்பத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவள். சிதம்பரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் நாலு வருடமாகப் பாடம் எடுத்தாள். ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

2007இல் சென்டர் உரிமையாளர் நடனசபாபதி, புதுச்சேரியில் தங்கியிருந்த ஹெலன் என்ற இங்கிலாந்துப் பெண்மணியை அழைத்துவந்தார். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸுகள் பதினோரு பேர் சேர்ந்தார்கள். நடனசபாபதி லோகநாயகியைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டார். தன் தப்பெல்லாம் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் அவளும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் வாரம், "சின்ஸ் டூ இயர்ஸ்" என்று சொன்ன நர்ஸ் பவானியை ஹெலன் "ஃபார் டூ இயர்ஸ்" என்று திருத்தினார். ஏன் என்று பவானி கேட்டாள். ஹெலன் யோசித்துப் பார்த்துவிட்டு, எங்களுக்கு அப்படித்தான் வாயில் வரும், காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, பின்வரிசையில் இருந்த லோகநாயகியைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

லோகநாயகி எழுந்தாள். "திங்கக்கெழமைலேருந்து வேல பாக்குறேன்னா சின்ஸ். ரெண்டு வருஷமா பாக்குறேன்னா ஃபார். 'லேருந்து'ன்னு வந்தா அது, 'வருஷமா, மாசமா'ன்னு வந்தா இது. நானும் ரொம்ப நாளு தப்பாத்தான் எழுதுனேன்."

நர்ஸுகளின் முகம் தெளிந்தது. என்ன சொன்னாய் என்று ஹெலன் கேட்க, ஆங்கிலத்தில் விளக்கினாள். ஹெலன் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே ஹெலன், லோகநாயகியை மொழிபெயர்க்கச் சொல்லி, நடனசபாபதியிடம் பேசினார். தான் இந்த மொழியில் பிறந்தவள், லோகநாயகியோ கற்றுக்கொண்டவள், எங்கே இடறும் என்று அவளுக்குத்தான் தெரியும், அவளே வகுப்பை நடத்தட்டும் என்றார்.

"வெள்ளக்காரம்மாவுக்காகத்தானம்மா புள்ளைங்க சேந்துருக்கு. அத அவுங்களுக்குச் சொல்லு" என்றார் நடனசபாபதி.

தனக்கு எதிரான அந்தப் பேச்சை லோகநாயகி ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். ஹெலன் சிரித்துவிட்டு, கடைசி அரைமணி நேரம் தான் பேச்சுப் பழக்குவதாகச் சொன்னார். நடனசபாபதி அரைமனதோடு சம்மதித்தார்.

பத்து மாதம் அப்படி நடந்தது. வகுப்பு முடிந்ததும் லோகநாயகி ஹெலனிடம் கேட்டுக் கேட்டுத் தன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டாள். பதினோரு பேரில் ஒன்பது பேர் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் தேறினார்கள்.

ஹெலன் ஊர் திரும்பினார். 2012இல் கடலூரில் ஒரு கல்லூரியில் லோகநாயகிக்கு ஆங்கில விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நீங்கள் அன்று என்னை எழுப்பிவிடாவிட்டால் நான் பின்வரிசையிலேயே இருந்திருப்பேன் என்று ஹெலனுக்குக் கடிதம் எழுதினாள்.

பதில் வந்தது. ஹெலன் இப்போது தன் ஊரில் அகதிகளுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறாராம். பாடம் எடுப்பது அவரல்ல, அங்கே வந்த பிறகு ஆங்கிலம் கற்ற ஒரு சோமாலியப் பெண்ணாம்.